கோட்டை விட்டவர்

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். மாம்பழ நிறப் புடவையையும் அரக்கு நிறப் புடவையையும் அருகருகே விரித்துப் போட்டு, "இதற்கு அது சேரவில்லை" என்று நம் பெண்மணிகள் அரை நிமிஷத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அந்த மாம்பழ நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கடைக்காரரைக் கேட்பதில்லை. அதே பெண்மணிகளை, வாசற்படியில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும் அவர்களுடைய கணவன்மாருடன், ஒரு சித்திரக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறும் வர்ணமாகவே இருக்கும் அரூபச் சித்திரத்தின் முன் நின்று, "இது என்ன? தலைகீழாக மாட்டிவிட்டார்களோ?" என்பார்கள்.

நாமும் அவ்விதம் கேட்டவர்கள்தாம். அந்தக் கேள்வியை நிறுத்தியது ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் சித்திரங்கள்.

1938-ல் திருச்சி ஜில்லா துறையூருக்கு அருகிலுள்ள கீரம்பூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஆதிமூலம். படம் எழுதும் ஆசை அவரைச் சென்னைக்கு இழுத்து வந்தது. சிற்பி எஸ். தனபாலின் ஆதரவு கிடைத்தது அவருடைய பாக்கியம். கே. சி. எஸ். பணிக்கர் தலைமை வகித்த அரசாங்கக் கலைப் பள்ளியில் சேர்ந்து, 1966-ல் படிப்பை முடித்தார்.

1946 ஜனவரியில் மகாத்மா காந்தி தியாகராய நகர் ஹிந்தி பிரசார சபைக்கு வந்து தங்கியபோது ஆதிமூலம் கிராமத்துச் சிறுவன். 1969-ல் காந்தியின் நூற்றாண்டு வந்தபோது, சுமார் நூறு சித்திரங்களில் அந்த மகானை வரைந்து தீர்த்தார். கறுப்பு மசியைத் தவிர வேறு வர்ணம் கிடையாது. கிட்டே போய்ப் பார்த்தால் கோட்டின் மேல் கோடு, சிக்கல் விழுந்த நூற்கண்டு போல! இரண்டடி பின்னால் நகர்ந்தால் அந்த மூக்குக் கண்ணாடியும் பொக்கை வாயும் நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. அரூபச் சித்திரத்தின் பாதி ரகசியம் அந்த இரண்டடியிலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பிறகு, பெருமையெல்லாம் உதிர்ந்துபோன ராஜாக்களைப் பரிகாசமாக வரைந்தார். புத்தக அட்டைகளுக்கும் பத்திரிகைகளுக்கும், கல்வெட்டில் வெட்டியது போன்ற தமிழ் எழுத்துக்களை அமைத்துக் கொடுத்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே இவருடைய கோடுகளும் வந்தன. கண்காட்சிப் பக்கமே எட்டிப் பார்க்காத குடும்பங்களிலும் நவீன சித்திரம் நுழைந்தது இவ்விதந்தான்.

இத்தனை பேர் கொண்டாடிய கோட்டை, கித்தான் துணியில் வர்ணம் தீட்டும்போது அவர் அறவே விட்டுவிட்டார்! மனித முகம் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. ஒரு நிறம் இன்னொரு நிறத்தினுள் கரைந்து பரவுகிறது. புகழ் தந்த கோட்டை விட்டவர், எல்லாவற்றையுமே கோட்டை விட்டார் என்று யாரும் சொல்லக்கூடுமல்லவா? அந்தப் பழிக்கு அவர் துணிந்தார். காந்தியின் உருவத்தைத் திரும்பத் திரும்ப எழுதியே ஆயுளைச் சௌக்கியமாகக் கழித்திருக்கலாம்.

'இது மேல்நாட்டுச் சரக்கு' என்பார் உண்டு. 1910-ஐ ஒட்டி ஜெர்மனியில் காண்டின்ஸ்கி என்ற ருஷ்யர் இவ்வழியில் புறப்பட்டது மெய்தான். ஆனால் விடியற்காலையில் நம் வாசலில் போடும் புள்ளிக் கோலம் எதன் உருவம்? ஆதிமூலத்தின் வர்ணங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், தண்ணீர் பாய்ந்த வயலும் உழுது போட்ட மண்ணும் மழைக்கு முந்திய வானமும் பெயர் சொல்லாமல் வந்து நிற்கின்றன. கீரம்பூரை அவர் விட்டுவிடவில்லை.

2008 ஜனவரியில் அவர் காலமானார். பின்னர் ஒரு நாள் அவருடைய சித்திரம் ஒன்றின் முன்னால் நம் வீட்டு அம்மாளை நிறுத்தினோம். 'இது என்ன' என்ற கேள்விக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த ஓரத்துக் கத்தரிப்பூ நிறம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெளிறிப் போயிருக்கும்" என்றாள்.