டவுனா, டவுன் ஓரமா, கிராமமா? திருப்பத்தூர் மாவட்டத்தில் வீடு தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

காலை 7 மணிக்கு ஆம்பூர் பைபாஸில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சுற்றியுள்ள கிராமங்களில் ஏறி, ஷிஃப்ட் முடிந்ததும் அதே பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். வேலை டவுனில், வீடு கிராமத்தில்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் இந்தக் குடும்பங்களில் ஒரு பேச்சு வரும். "ஆம்பூர்லயே வாடகைக்குப் போயிடலாமா? டவுன் ஓரத்துல ஒரு மனை வாங்கிப் போடலாமா? இல்ல, ஊர்லயே இருந்துடலாமா?" மூன்றிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டவுன் என்றால் எந்த டவுன்?

2019 நவம்பர் 28-ம் தேதி வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது திருப்பத்தூர். இதில் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை என 4 நகராட்சிகள் உள்ளன. நாலுக்கும் குணம் வேறு.

கலெக்டர் ஆபீஸ் இருப்பது திருப்பத்தூரில். ஆனால் மக்கள்தொகையில் பெரிய ஊர் ஆம்பூர். 2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் ஒரு லட்சத்தைத் தாண்டியது. திருப்பத்தூர் நகரில் அப்போது சுமார் 64 ஆயிரம் பேர்தான். தோல், ஷூ வேலை என்றால் ஆம்பூர், வாணியம்பாடி. இரண்டுமே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளன. ரயிலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஜோலார்பேட்டை. பெங்களூரு பாதையும் சேலம் பாதையும் பிரியும் ஜங்ஷன் அது. சென்னைக்குப் போகும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புவதும் அங்கிருந்துதான்.

படிப்புக்கும் டவுன் வசதி. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-லும் தொடங்கப்பட்டவை. பெண் பிள்ளையைக் காலேஜ் அனுப்பும் குடும்பத்துக்கு 'கடைசி பஸ் எத்தனை மணிக்கு' என்ற கவலை டவுனில் குறைவு.

குறை என்ன? வாடகை. சம்பளம் வந்த கையோடு ஒரு பங்கு அதற்குப் போய்விடும். நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும்.

டவுன் ஓரம்: ஊராட்சிதான், ஆனால் கிராமமில்லை

ஆம்பூரை ஒட்டிய துத்திப்பட்டு மாதிரியான இடங்களில் நிர்வாகம் ஊராட்சி, ஆனால் வேலை கம்பெனி வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில். இந்த மூன்றும் பொருந்தினால், நகராட்சி இல்லாவிட்டாலும் கணக்கெடுப்பில் அது நகரம்தான்.

டவுனைவிட மனை மலிவு, கம்பெனி பக்கம், சொந்த வீடு கட்டலாம். அதனால்தான் பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆனால் 'ஏன் மலிவு' என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. இந்த மாவட்டத்தில் அதற்குப் பல நேரம் ஒரே பதில்தான்: தண்ணீர்.

தண்ணீர்தான் முதல் கேள்வி

தோல் பதனிட உப்பும் குரோமியமும் தேவை. பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்திலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நலன் மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வலுவாக வேரூன்றியதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தர வேண்டும், அதை மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என உத்தரவிட்டது.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் நிலத்தடியில் இறங்கியது ஒரே மழையில் போய்விடாது. பக்கத்துப் பக்கத்து மனைகளிலேயே போர் தண்ணீர் வேறுபடலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் இடம் என்றால் குடிக்கும் தண்ணீர்க் கவலை குறையும். 2019 ஜூலையில் சென்னை தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என அனுப்பப்பட்டது இந்தக் காவிரித் தண்ணீர்தான்.

கிராமம்: கையில் காசு நிற்கும், நேரம் நிற்காது

சொந்த வீடு, வாடகை இல்லை, வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி. இதையெல்லாம் காசாக்கிப் பார்த்தால் பெரிய தொகை. ஊரக வேலைத் திட்டம், அதாவது மக்கள் சொல்லும் 'நூறு நாள் வேலை', ஊராட்சியில் இருப்பவர்களுக்குத்தான். 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டமும் ஊரகக் குடிசைவாசிகளுக்கானது.

ஆனால் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் மாதம் 26 நாளைக்கு 52 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட் ஆறுக்கும் மேல், பஸ்ஸிலேயே! காலையில் சமைத்து வைத்துவிட்டு ஓடும் பெண்கள்தான் இந்த நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் திருப்பத்தூரும் ஒன்று. பெரிய சிகிச்சை என்றால் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது சிஎம்சி. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். திருப்பத்தூரிலிருந்து 80-க்கும் மேல். வயதான அப்பா, அம்மாவுக்கு மாதாமாதம் செக்கப் இருந்தால் இந்தத் தூரம் சின்ன விஷயமில்லை.

மலை ஊர்களில் நிலைமை இன்னும் வேறு. 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் ஏலகிரியில் ரிசார்ட்டும் பங்களாவும் இருக்கின்றன. வாணியம்பாடி பக்கத்து நெக்னாமலையில் சாலை இல்லாமல், நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள். இரண்டும் ஒரே மாவட்டத்து மலைகள்.

வேலை போனால் எங்கே இருப்பது நல்லது?

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியை நம்பிய ஆம்பூர் பகுதி கலங்கியது. இங்கே தைக்கும் ஷூவுக்கு ஆர்டர் வருவது வெளிநாட்டிலிருந்து. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம், அடுத்தது வேலை நாள்.

அந்த நேரத்தில் வாடகை வீட்டில் இருப்பவருக்குத் தேதி தப்பாது. வீட்டுக் கடன் வாங்கியவருக்குத் தவணையும் தப்பாது. ஊரில் சொந்த வீடு இருப்பவர் மூச்சு விடலாம். ஆனால் வேறு வேலை தேட டவுனில் இருப்பவருக்குத்தான் வழி அதிகம். அதனால், கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரே தொழிலை நம்பி இருந்தால் டவுன் ஓரத்தில் பெரிய கடனில் வீடு கட்டுவதற்கு முன் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் இந்த 5 விஷயம்

1. தண்ணீர்ப் பரிசோதனை: கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவைத்தான் காட்டும். குரோமியம் அதில் தெரியாது. போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

2. மனை அங்கீகாரம்: டிடிசிபி அனுமதி எண், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். 'அப்ரூவல் வந்துடும்' என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

3. வெள்ளம்: 1903-லும் 2021 நவம்பரிலும் பாலாறு கரை மீறியது. வறண்டு கிடக்கும் ஆறு, ஏரி ஓரத்து மனை என்றால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

4. பஸ்: கம்பெனி பஸ் நின்றுபோனாலும் டவுன் பஸ் உண்டா? கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

5. ஒரு வருஷம் வாடகை: வாங்குவதற்கு முன் அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பாருங்கள். கோடைத் தண்ணீரும் ஐப்பசி மழையும் புரோக்கர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

மொத்தத்தில், பிள்ளைகளின் படிப்பு முக்கியம் என்றால் டவுன் வாடகை. ஒருவருக்காவது நிலையான சம்பளம் இருந்து, தண்ணீரும் பத்திரமும் சரியாக இருந்தால் டவுன் ஓரம். வீட்டில் சின்னக் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், வருமானம் ஏறி இறங்கும் என்றால் கிராமம். எதுவானாலும், மாதம் 52 மணி நேரக் கணக்கைச் சுமக்கப் போகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.