ஒரே பொருளுக்கு இரண்டு பக்கம்: இணையச் சந்தை விற்பனையாளர் செய்ய வேண்டியது

அமேசானிலோ ஃப்ளிப்கார்ட்டிலோ நீங்கள் பொருள் விற்பவரானால், வாடிக்கையாளர் தேடுவதுபோல உங்கள் பொருளை ஒருமுறை தேடிப் பாருங்கள். கரூரில் நெய்த, நீலக் கட்டம் போட்ட ஒரு படுக்கை விரிப்பு என்று வைத்துக்கொள்வோம். அதே விரிப்பு இரண்டு பக்கங்களில் தெரிந்தால், இரண்டு கடை திறந்த மாதிரி நல்லதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணத்தால் நஷ்டப்படுவது பெரும்பாலும் சிறு வியாபாரிகள்தான். வாங்கியவர்கள் எழுதும் ரிவ்யூ, விற்பனை வரலாறு, தேடலில் மேலே வரும் வாய்ப்பு எல்லாம் அந்தப் பொருளின் பக்கத்தோடு ஒட்டியவை. பக்கம் இரண்டானால் 40 ரிவ்யூ சேர்ந்திருக்க வேண்டியது 25, 15 என்று பிரிந்து கிடக்கும். விளம்பரச் செலவும் பிரியும். ஒரு பக்கத்தில் ஸ்டாக் தீர்ந்துபோயிருக்கும்போது இன்னொன்றில் அதே சரக்கு யாரும் பார்க்காமல் கிடக்கும்.

அமேசான் தன் பட்டியலை எப்படி அடுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எளிது. அங்கே ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கத்துக்கு எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்க அடையாளம் உண்டு, அதுதான் ஏசின். அதே பொருளைப் பத்து பேர் விற்றாலும் பத்து பேரும் அந்த ஒரே பக்கத்தில்தான் தங்கள் விலையை வைக்க வேண்டும். எஸ்கேயூ என்பது வேறு. அது உங்கள் கணக்குக்காக நீங்களே வைத்துக்கொள்ளும் குறியீடு. ஒரே ஏசினில் நீங்கள் இரண்டு எஸ்கேயூ வைத்திருப்பது தவறில்லை. அமேசான் கிடங்கிலிருந்து போகும் சரக்குக்கு ஒன்று, உங்கள் வீட்டிலிருந்து நீங்களே அனுப்புவதற்கு ஒன்று என்று பலர் வைத்திருக்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு ஏசின் இருந்தால்தான் சிக்கல். ஃப்ளிப்கார்ட்டிலும் இதே முறைதான். பொருளுக்கு எஃப்எஸ்என் என்ற எண், அதன் கீழே ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனி லிஸ்டிங் எண்.

இரட்டைப் பக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பார்கோடு சரியில்லாத இடத்திலிருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடைப் பொருட்களில் பார்க்கும் 13 இலக்க எண்ணை இந்தியாவில் வழங்கும் அமைப்பு ஜிஎஸ்1 இந்தியா. அவர்கள் தரும் எண்கள் 890 என்று தொடங்கும். அதற்கு இந்தியாவில் தயாரித்தது என்று பொருளில்லை. எண்ணை வாங்கிய நிறுவனம் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்திருக்கிறது என்பது மட்டுமே. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்தையும் பொருளையும் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இரட்டைப்படை இடத்தில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து வரும் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எத்தனை தேவையோ அதுவே கடைசி இலக்கம். 890123456789 என்று எடுத்தால் ஒற்றைப்படை இடங்கள் 28, இரட்டைப்படை இடங்கள் 34, மூன்று மடங்கு 102, மொத்தம் 130. கூட்ட வேண்டியது எதுவுமில்லை, கடைசி இலக்கம் 0. எக்செல் தாளில் ஓர் இலக்கம் மாறித் தட்டினாலும் இந்தக் கணக்கு உதைக்கும். பதிவேற்றும் முன் இதைச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தாலே பாதி தொல்லை குறையும்.

எண் விற்கும் இணையக் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் பார்கோடுகளை வாங்காதீர்கள். அந்த எண் ஏற்கெனவே வேறு யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அமேசான் ஜிஎஸ்1 தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் லிஸ்டிங் நிற்கும். அதைவிட மோசமாக, உங்கள் படுக்கை விரிப்பு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பொருள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடும். பதிவேற்றும்போது 8541 என்ற பிழை எண் வந்தால் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: நீங்கள் கொடுத்த எண் பட்டியலில் முன்பே உள்ள ஒரு ஏசினுக்கு உரியது, ஆனால் நீங்கள் எழுதிய விவரம் அதோடு ஒத்துப்போகவில்லை. அந்த நேரத்தில் பலர் பிராண்ட் பெயரை ஒரு எழுத்து மாற்றி, வேறு எண்ணைப் போட்டு எப்படியோ உள்ளே தள்ளிவிடுகிறார்கள். இரட்டைப் பக்கம் அங்கேதான் பிறக்கிறது. பிழை காட்டும் அந்த ஏசினைத் திறந்து பாருங்கள். உங்கள் பொருள்தான் என்றால் அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எண்ணுக்கான ஜிஎஸ்1 சான்றிதழோடு அமேசானின் உதவிப் பகுதியில் கேஸ் (உதவிக் கோரிக்கை) போடுங்கள்.

கைவினைப் பொருள், பிராண்ட் இல்லாத பொருள் விற்பவர்கள் பார்கோடு விலக்கு கேட்டு வாங்கலாம். வசதிதான். ஆனால் எண்ணே இல்லாதபோது, இது முன்பே இருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்க வழி குறைவு. ஆகவே விலக்கு வாங்கியவர்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே கண்காணிக்க வேண்டும். கடையில் இரண்டு பேர் பதிவேற்றினால், யார் எந்தப் பொருளை எந்த எஸ்கேயூவில் ஏற்றினார் என்று ஒரே தாளில் எழுதி வைக்க வேண்டும்.

சரி, உங்கள் பொருளுக்கு இரண்டு ஏசின் வந்தாயிற்று. என்ன செய்வது? முதலில் இரண்டும் உண்மையிலேயே ஒரே பொருள்தானா என்று பாருங்கள். பிராண்ட், நிறம், அளவு, துணி, எத்தனை எண்ணம் கொண்ட பேக் என்று எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒற்றை விரிப்பும் இரண்டு விரிப்பு கொண்ட பேக்கும் வேறு வேறு பொருட்கள். அவற்றை இணைத்தால், இரண்டு வரும் என்று நம்பிப் பணம் கட்டியவர் கையில் ஒன்று போய்ச் சேரும். ரிட்டர்னும் புகாரும் வரிசையாக வரும். நிறமும் அளவும் மட்டும் மாறுபட்டால் ஒரே குடும்பமாக, ஒரு தாய்ப் பக்கத்தின் கீழ் கிளைகளாக வைக்கலாம். அதற்காகவே இருக்கும் வசதி அது. ஆனால் சம்பந்தமில்லாத இரண்டு பொருட்களை ரிவ்யூவுக்காக ஒரே குடும்பத்தில் சேர்ப்பது விதிமீறல். வாங்குபவரை ஏமாற்றுவதும்கூட.

முழுக்க ஒன்றுதான் என்று உறுதியானால், அமேசானின் விற்பனையாளர் தளமான செல்லர் சென்ட்ரலில் உதவிப் பகுதி வழியாக இரண்டு ஏசினையும் குறிப்பிட்டு இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பொருளின் நான்கு பக்கப் படங்கள், பேக்கில் அச்சான பார்கோடு தெரியும் படம் இவை இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். எந்த ஏசின் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம், முடிவு அமேசானுடையது. அவர்களின் கிடங்கில் பழைய லேபிள் ஒட்டிய சரக்கு கிடந்தால், அந்த விவரத்தை அதே கேஸில் எழுதுங்கள். முடிந்தால் அந்த இருப்பை விற்றுக் குறைத்த பிறகு கேட்பது இன்னும் நல்லது.

உங்கள் லிஸ்டிங்கை டிலீட் செய்துவிட்டால் பக்கமே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. போவது உங்கள் எஸ்கேயூவும் விலையும் மட்டுமே; அந்தப் பக்கம் பட்டியலில் அப்படியே இருக்கும், நாளை வேறொருவர் அதில் வந்து உட்காரலாம். மோசமான ரிவ்யூவை உதறுவதற்காக அதே பொருளுக்குப் புதுப் பக்கம் திறப்பதையும் அமேசான் தடை செய்திருக்கிறது. கணக்கே முடங்கும் அளவுக்குப் போகலாம். அந்த ரிவ்யூவில் 'சாயம் போகிறது' என்று எழுதியிருந்தால் சாயப் பட்டறையில் பேச வேண்டியதுதான் வழி. இரண்டாவது செல்லர் கணக்கு திறந்து அதே சரக்கை ஏற்றுவதும் ஆபத்தானது. நியாயமான வியாபாரக் காரணம் இல்லாமல் ஒருவர் இரண்டு கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே விதி.

இனி அடுத்தவர் செய்வது. இதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு புகார் எழுதுவதால்தான் பல புகார்கள் திரும்பி வருகின்றன.

வேறொரு விற்பனையாளர் உங்கள் பக்கத்தில் தன் விலையை வைத்தால், அவர் விற்பது அசல் சரக்கு என்றால், அதில் குற்றமில்லை. உங்களிடமோ உங்கள் மொத்த வியாபாரியிடமோ முறையாக வாங்கி விற்கலாம். போலி என்று சந்தேகம் வந்தால், ஊகத்தில் புகார் எழுதாமல் ஒன்றை ஆர்டர் செய்து வாங்குங்கள். வந்த பெட்டி, இன்வாய்ஸ், லேபிள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி பேக்கில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்ஆர்பி முதலியவை இருந்தாக வேண்டும். உங்கள் பேக்கையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம் நீண்ட கடிதத்தைவிடப் பலமான சாட்சி. இந்தப் புகார் எடுபட வணிகச் சின்னம் கைவசம் இருக்க வேண்டும். தனிநபரோ சிறு நிறுவனமோ இணைய வழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் ₹4,500. பதிவானால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தொடர்ந்து விற்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பணத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதே என் கருத்து. அமேசானின் பிராண்ட் ரெஜிஸ்ட்ரியில் சேர்வதற்கும் இதுதான் வாசல்.

இரண்டாவது வகை, உங்கள் பொருளையே வேறு பக்கம் திறந்து விற்பவர். இங்கே விதி உங்கள் பக்கம் இருக்கிறது. இரண்டு ஏசினையும் காட்டி இணைக்கக் கேட்கலாம். இணைந்தபின் அவரும் உங்கள் பக்கத்துக்கே வந்துவிடுவார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, பொருள் வேறு, படம் உங்களுடையது. மொத்த வியாபாரி எல்லோருக்கும் கொடுக்கும் ஒரே படத்தைப் போட்டு ஒரே சேலையைப் பலர் விற்கும் மீஷோ போன்ற இடங்களில் இதைப் பிரித்தறிவது கடினம். வியாபாரி கொடுத்த படத்துக்கு நீங்கள் சொந்தம் கொண்டாட முடியாது. நீங்களே எடுத்த படம் என்றால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை வைத்து எடுத்திருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. கேமராவிலிருந்து இறங்கிய மூலக் கோப்பையும் ஸ்டுடியோ கொடுத்த பில்லையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். புகார்ப் படிவத்தில் ஆதாரமாக இணைக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.