வெள்ளம் வருமுன் கணக்குப் பார்ப்பவர்

காப்புறுதி என்றதும் எம்மவரிற் பலருக்கு நினைவுக்கு வருபவர், கைப்பையுடன் வீடு தேடி வரும் முகவர். ஆனால் அவர் வாங்கிச் செல்லும் விண்ணப்பத்தை வாசித்து, இவரை ஏற்கலாமா, ஏற்பதாயின் எவ்வளவு கட்டணத்துக்கு என்று தீர்மானிப்பவர் வேறொருவர். தலைமை அலுவலகத்தில் ஒரு மேசையில் இருப்பார். அவர் முகத்தை நாம் காண்பதில்லை. ஆங்கிலத்தில் அவரை அண்டர்ரைட்டர் என்பர். கீழே எழுதுபவர் என்பதே அச்சொல்லின் பொருள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வேர்ட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையில் கப்பல் வியாபாரிகள் கூடுவர். கப்பலின் விபரம் எழுதிய தாளின் அடியில், இழப்பில் இத்தனை பங்கு எனது என்று பணமுள்ளோர் ஒப்பமிடுவர். கப்பல் கரை சேர்ந்தால் கட்டணம் அவர்களுக்கு இலாபம். மூழ்கினால் அவர்கள் கைப்பணம் போகும்.

இந்த வேலையை எமது வயலில் வைத்துப் பார்ப்போமே. ஒரு குளத்தின் கீழ் நூறு கமக்காரர், ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். காலபோகந்தோறும் பத்துப் பேரின் பயிர் அழிகிறது. அழிந்த ஏக்கருக்கு 40,000 ரூபா கொடுப்பதாயின் மொத்தம் 4 இலட்சம் தேவை. நூறு பேரும் ஆளுக்கு 4,000 ரூபா போட்டால் அது நிறைந்துவிடும். நடத்தும் செலவுக்கும் கெட்ட வருடத்துக்கான சேமிப்புக்கும் இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். எமது ஊர்களின் மரண உதவிச் சங்கமும் இதே கணக்கில்தான் நடக்கிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வாய்க்காலின் தலைப்பில் மேட்டுக்காணி வைத்திருப்பவர், "எனக்கேன் இந்தச் செலவு?" என்று விலகிவிடுவார். பள்ளக்காணிக்காரர் ஓடிவந்து சேருவார். நூறு பேர் நாற்பதாகச் சுருங்கினாலும் அழிவது அதே பத்து ஏக்கர்தான். கட்டணம் 10,000 ரூபாவாகிறது. இன்னும் சிலர் விலகுகிறார்கள். இதனாற்றான் அந்த மேசைக்காரர் துருவித் துருவிக் கேட்கிறார்: வயல் எந்த வாய்க்காலில், கடந்த பத்து வருடத்தில் எத்தனை முறை அழிந்தது, விதைத்தது எப்போது, களை எடுத்தீர்களா? இவற்றுக்கெல்லாம் தாளைப் பாராமலே விடை சொல்லக் கூடியவர், வாய்க்காலுக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையார். எமது எண்ணப்படி கொழும்பிலிருப்பவரை விட அவரே இவ்வேலைக்குத் தகுதியானவர், சம்பளந்தான் இல்லை.

இரண்டாவது சிக்கல் பெரிது. நூறு பேரும் ஒரே நாளில் இழந்தால் யார் பணத்தை யாருக்குக் கொடுப்பது? 2008இலும் 2009இலும் எமது மக்கள் நெல்லையும் மாடுகளையும் விட்டு, உழவு இயந்திரங்களையும் வழியிற் கைவிட்டு, இடம்பெயர்ந்து சென்றதை உங்களுக்கு நாம் விபரிக்க வேண்டியதில்லை. பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. சாதாரண காப்புறுதிப் பத்திரங்கள் போரால் வரும் இழப்பை விலக்கியே வைக்கின்றன. வன்மத்தினால் அல்ல, போரை இந்தக் கணக்குத் தாங்காது. ஆகவே அந்த இழப்புக்கான ஈட்டைக் காப்புறுதிக் கம்பனியிடம் எதிர்பார்ப்பதற்கில்லை, அது அரசின் கடன் என்பதே எமது நிலைப்பாடு. கணக்குச் சரியென்பது, உழவு இயந்திரத்தை இழந்துவிட்டு இன்னும் வாடகைக்கு உழுவிப்பவருக்கு ஆறுதலாகாது.

வெள்ளமும் வரட்சியும் போரின் சிறு வடிவங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெய்த மழை, பக்கத்துப் பக்கத்து வயல்களை ஒன்றாகவே மூழ்கடித்தது. தனியார் கம்பனிகள் நெல்லுக்குத் தயங்குவது இதனால்தான். எனவே அரசு இறங்க வேண்டியதாயிற்று. 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பயிர்க் காப்புறுதிக்கு 1961இல் சட்டம் வந்தது. 1999ஆம் ஆண்டின் சட்டப்படி கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை அமைந்தது. 2013இல் வங்கிகள், நிதி நிறுவனங்கள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவற்றின் வரிக்குப் பின்னான இலாபத்தில் நூற்றுக்கு ஒரு பங்கை இதற்கென அறவிடத் தொடங்கினார்கள். அதைக் கொண்டு 2018 அளவில் நெல் உட்படச் சில பயிர்களுக்கு, கமக்காரரிடம் கட்டணம் வாங்காமலே, வெள்ளம், வரட்சி, காட்டு யானை ஆகியவற்றால் வரும் அழிவுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்று திட்டம் வந்தது. எல்லோரும் உள்ளே இருப்பதால் மேட்டுக்காணிக்காரர் விலகும் சிக்கல் இதில் இல்லை. ஆனால் 2022 நெருக்கடியில் ஏறிய பசளை, எரிபொருள் விலைக்கு அத்தொகை பாதிச் செலவுக்காவது காணுமா என்பதை நீங்களே அறிவீர்கள்.

வயல் வயலாக அதிகாரி வந்து பார்ப்பதும் தாமதமே. இதற்கு மைசூரில் ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பவர் 1920இலேயே ஒரு வழி எழுதி வெளியிட்டார்: வயலைப் பாராமல் மழைமானியைப் பார்ப்பது. குறித்த அளவுக்குக் குறைவாக மழை பெய்தால் அப்பகுதியார் அனைவருக்கும் பணம். நல்ல யோசனை. ஆயினும் மழைமானி நிற்கும் பட்டினத்தில் மழை பெய்து, எட்டு மைல் தள்ளி உங்கள் மானாவாரி வயல் காய்ந்தால் என்ன செய்வது?

இனி எமது சொந்தச் சிக்கல். காணி அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்தவர், குத்தகைக்குச் செய்பவர், இன்னும் தன் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் நிலத்தில் விதைப்பவர் ஆகியோரின் பெயர் பதிவேட்டில் ஏறுவதில்லை. வயலில் நட்டப்படுபவர் ஒருவர், பணத்துக்கு உரியவர் இன்னொருவர். குத்தகைக்காரரே, விதைப்புக்கு முன் உங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமும் கமநல சேவை நிலையத்திலும் இவ்வருடப் பதிவில் உங்கள் பெயர் உண்டா, தொகை எவ்வளவு என்று நேரிற் கேளுங்கள். குத்தகை உடன்பாட்டைக் கிராம அலுவலர் அறிய எழுத்தில் வையுங்கள். விதைநெல், பசளைப் பற்றுச்சீட்டுகளைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அழிவு வந்தால் அன்றே நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். தண்ணீர் வடிந்தவுடன் மறுபடி உழுது விதைத்துவிட்டால், மதிப்பிட வருபவருக்குக் காட்ட வயலில் ஒன்றும் இராது.