மப்பும் மந்தாரமுமா? கேமராவை மூடாதீங்க!

உடைந்த பாலத்தில் ஒரு கறுப்பு-வெள்ளை அனுபவம்

சென்னையில் அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பாலம் நிற்கிறது. பாதிப் பாலம்! 1967-ல் கட்டினார்கள். 1977-ல் ஆற்று வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. கட்டிய பத்தே வருஷம்! திரும்பக் கட்டவே இல்லை. ஊரூர் குப்பத்து ஜனங்கள் எதிர்க்கரைக்குச் சாலை வழியே போக வேண்டுமானால், திரு.வி.க. பாலம் வரை சுற்ற வேண்டும்.

"உடைந்த பாலம்" என்றால் போதும், பெசன்ட் நகர் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

வெயில் நாளில் அங்கே எடுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சிவந்த வானம், தங்கத் தண்ணீர், நடுவில் காதலர்கள். அசல் காலண்டர் படம்! பாலம் உடைந்து கிடக்கிறது என்ற நினைப்பே வராது.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் கறுப்பு-வெள்ளை பிலிமோடு போனேன். வானம் முழுக்க மூட்டம்.

"இன்னா சார், வெயிலே இல்ல. படம் வுழுமா?" என்றான் சுண்டல் விற்கும் பையன்.

அவன் கேட்டது நியாயம்தான். 36 படமும் சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி வந்தது!

எட்டு மடங்கு நஷ்டம்!

காரணம் இதுதான். மூட்டம் போட்டால் வானமே ஒரு பெரிய டியூப் லைட். வெளிச்சம் எல்லாப் பக்கமும் விழும், நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் படத்தில் ஏற்ற இறக்கம் ஏது? இதில் இன்னொரு வம்பு. தரையைவிட வானம் பளிச். மீட்டர் வானத்தைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும். பாலம் கரிக்கட்டை ஆகிவிடும்.

"சிவப்பு பில்டர் போடு, வானம் கறுக்கும்" என்றார் நண்பர். போட்டேன். பலனில்லை! சிவப்புக் கண்ணாடி தடுப்பது நீலத்தை. நீலவானம் கறுக்கும், வெண்மேகம் எடுப்பாகத் தெரியும். வானமே சாம்பலாக இருந்தால் அது எதைத் தடுக்கும்? எட்டு மடங்கு வெளிச்சத்தைத் தின்றதுதான் மிச்சம்.

கறுப்பு எங்கே?

கறுப்பு தரையில் இருந்தது! மழை விட்டதும் கரைக்கு இறங்கினேன். நனைந்த தூண் கன்னங்கரேல். அதன் காலடியில் நுரை, வெள்ளைவெளேர். தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, வானத்துக்குப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தேன். மீட்டரை ஈரமணலுக்குக் காட்டினேன்.

மீதி வேலை இருட்டறையில். பிலிமைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கழுவினேன். அழுத்தமான நாலாம் நம்பர் பேப்பரில் பிரிண்ட். பாலத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வானத்துக்கு மட்டும் இன்னும் பத்து விநாடி வெளிச்சம். மேகத்தின் அடிவயிறு மெல்ல மெல்ல எழுந்து வந்தது பாருங்கள்!

செல்போன்காரர்கள் திரையில் வானத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். மேகம் வெளுக்காது. அப்புறம் கறுப்பு-வெள்ளையாக்கி, இருண்டுபோன தரையை வேண்டிய அளவு தூக்கலாம். ஆனால் பாலத்தின் உடைந்த முனையில் ஏறி செல்பி எடுக்கிற வேலை வேண்டாம். தடுப்பு இருந்தால் தாண்டவும் வேண்டாம்.

அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்துவைத்துத் தண்ணீரைப் புகை மாதிரி ஆக்குகிறார்களே, அது இப்போது ஒரு மோஸ்தர். எனக்கு மனசு வரவில்லை. பாலத்தையே உடைத்த ஆறு, அதைப் போய் பஞ்சு மெத்தையாகக் காட்டுவானேன்?

பிரிண்டைக் குப்பத்து டீக்கடையில் காட்டினேன். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தூணைப் பார்க்கவில்லை, மேகத்தையும் பார்க்கவில்லை. பாலம் அறுந்த இடத்தில், வெறும் வானத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதும் மேலதாம்பா நடந்து போவோம்" என்றார்.