உறுமியை எழுதிக் கேட்பது எப்படி?

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தண்ணீர்ப் பந்தல் வேலைகள் சூடுபிடித்துவிடும். பந்தல் போட ஆள், அன்னதானத்துக்குச் சாமான், வாடகை ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாக முடிவாகும். பந்தலில் என்ன பாட்டுப் போடுவது என்ற பேச்சு வரும்போது, "நாமே ஏஐயில் ஒரு பாட்டுப் போட்டுக்கொள்ளலாமே" என்று இப்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சுனோ, யூடியோ போன்ற இசைச் செயலிகளில் இரண்டு வரி தட்டினால் போதும். குரலும் வாத்தியமும் சேர்ந்த பாட்டு சில நிமிடங்களில் வந்துவிடும்.

"தைப்பூசப் பாட்டு, உறுமி மேளம், பக்தி" என்று தட்டிப் பாருங்கள். தபேலாவும் சித்தாரும் கலந்த ஏதோ ஒன்று வரலாம். இந்தித் திரைப்பாட்டின் சாயலில் ஒரு துள்ளிசையும் வரலாம். கேட்க மோசமில்லை. ஆனால் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது தெருவை அதிரவைக்கும் உறுமியை அதில் தேடினால் கிடைக்காது.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இயந்திரம் எதைக் கேட்டுப் படித்தது என்பது. மற்றொன்று, நாம் அதனிடம் எப்படிக் கேட்டோம் என்பது. முதலாவதை ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது. ப்ராம்ப்ட் எனப்படும் அந்த இரண்டு வரியை எழுதும் திறமை, அடிப்படையில் ஒரு ஒலியைக் கூர்ந்து கேட்டுச் சொற்களில் விவரிக்கும் திறமைதான்.

எழுத்து ஒலியாவது எப்படி?

வணிகச் செயலிகள் தங்கள் உள்வேலையை வெளியே சொல்வதில்லை. ஆனால் மெட்டா நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட மியூசிக்ஜென் மாதிரியின் அமைப்பு வெளிப்படையானது. இந்தத் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ள அது போதும்.

மியூசிக்ஜென் கையாளும் ஒலியில் ஒரு விநாடிக்கு 32,000 அளவீடுகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒவ்வொன்றாக ஊகிப்பது கட்டுப்படியாகாத வேலை. அதனால் முதலில் ஒரு சுருக்கும் கருவி, ஒரு விநாடி இசையை 200 குறியீடுகளாக மாற்றுகிறது. விநாடிக்கு 50 கட்டங்கள், கட்டத்துக்கு 4 குறியீடுகள். ஒவ்வொரு குறியீடும் 2,048 வாய்ப்புகளில் ஒன்று. இதுவரை வந்த குறியீடுகளையும் நீங்கள் எழுதிய ப்ராம்ப்ட்டையும் பார்த்து, அடுத்து எது வரக்கூடும் என்று மாதிரி கணிக்கிறது. 30 விநாடி இசைக்கு இப்படி 6,000 குறியீடுகள் தேவை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. இயந்திரம் கணிப்பது நிகழ்தகவு. எனவே ஒரே ப்ராம்ப்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் வேறு பாட்டு வரும். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ப்ராம்ப்ட்டைக் குறை சொல்லக் கூடாது. அதே வரிகளுக்குச் சில பாட்டுகளை எடுத்துக் கேட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டாவது, நீங்கள் எழுதும் சொல் இந்தக் கணிப்பை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். பயிற்சியின்போது அந்தச் சொல் ஏதாவது ஒரு ஒலியோடு சேர்ந்து வந்திருந்தால்தான் அது நடக்கும். ஒலியோடு சேர்த்துப் பார்த்திராத சொல் இயந்திரத்துக்கு வெறும் எழுத்துதான்.

பட்டியலில் இல்லாத வாத்தியங்கள்

கூகுள் 2017இல் ஆடியோசெட் என்ற ஒலித் தொகுப்பை வெளியிட்டது. யூடியூபிலிருந்து எடுத்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட 10 விநாடித் துணுக்குகள், அவற்றைப் பிரித்தறிய 632 ஒலி வகைகள் கொண்ட ஒரு பட்டியல். ஒலியைப் படிக்கும் ஆய்வுகள் பலவற்றுக்கு இதுவே அடித்தளம். அந்தப் பட்டியலில் தபேலா உண்டு, சித்தார் உண்டு. கர்நாடக இசை என்ற பொதுத் தலைப்பும் உண்டு. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, உறுமி இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூவுக்குக்கூட அதில் தனி இடம் இருக்கிறது.

2023இல் கூகுளின் மியூசிக்எல்எம் ஆய்வுக் குழு, ஆடியோசெட்டிலிருந்து 5,521 இசைத் துணுக்குகளைத் தேர்ந்து தொழில்முறை இசைக்கலைஞர்கள் 10 பேரிடம் கொடுத்தது. ஒவ்வொரு துணுக்கையும் கேட்டு, அதில் என்ன ஒலிக்கிறது என்று அவர்கள் சராசரியாக நான்கு வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். மியூசிக்கேப்ஸ் என்ற பெயரில் அந்த விவரிப்புகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. ப்ராம்ப்ட் எழுதப் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. இசை வகை, மனநிலை, வேகம், குரலின் தன்மை, வாத்தியங்கள், தாளம், பதிவின் தரம் என்று ஒரு காது எதையெல்லாம் பிரித்துக் கேட்க முடியும் என்பதை அவை காட்டுகின்றன.

மியூசிக்ஜென் மாதிரியோடு வந்த குறிப்பு இன்னும் நேர்மையானது. ஆங்கில விவரிப்புகளைக் கொண்டு பயிற்றப்பட்டதால் மற்ற மொழிகளில் அது அவ்வளவு நன்றாக வேலை செய்யாது என்றும், எல்லாப் பண்பாடுகளின் இசையையும் ஒரே தரத்தில் அதனால் தர முடியாது என்றும் மெட்டாவே எழுதிவைத்திருக்கிறது. அபுதாபியின் முகமது பின் சயீத் செயற்கை நுண்ணறிவுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் இந்தச் சாய்வை எண்ணால் காட்டினார்கள். ஆய்வுகளில் பயன்படும் 10 லட்சம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட இசைத் தொகுப்புகளை அவர்கள் அலசினார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா உள்ளிட்ட தென்னுலக நாடுகளின் இசை வகைகளுக்கு அதில் கிடைத்த பங்கு 14.6 விழுக்காடு. அதற்குள் தமிழர் இசைக்கு எவ்வளவு சிறிய மூலை இருக்கும், அந்த மூலையில் பினாங்கு உறுமி எங்கே இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெயரைவிட ஒலி முக்கியம்

பெயர் தெரியாத இயந்திரத்திடம் ஒலியைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். உறுமியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு முகங்களும் ஒடுங்கிய இடையும் கொண்ட தோல் வாத்தியம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும் குச்சி தோலைப் பற்றிக்கொள்வதும் நழுவுவதும் மாறி மாறி மிக வேகமாக நடக்கிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வேலைதான். அழுத்தம் மாற மாறச் சுருதி வழுக்கி ஏறி இறங்குகிறது. அந்த உறுமல் அப்படித்தான் பிறக்கிறது.

உலகில் இந்தக் குடும்பத்தில் வேறு வாத்தியங்களும் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஃப்ரிக்‌ஷன் டிரம் என்ற பொதுப் பெயர். பிரேசிலின் சாம்பா இசையில் வரும் குயிக்கா அவற்றில் புகழ்பெற்றது. அந்தப் பெயரோடு வந்த பதிவுகளை இயந்திரம் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் குயிக்கா மேல் ஸ்தாயியில் கீச்சிடும், உறுமி கீழ் ஸ்தாயியில் முனகும். ஆகவே உறவைச் சொல்லி, வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய ப்ராம்ப்ட்டின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"தென்னிந்தியக் கோயில் ஊர்வல மேளம், திறந்த தெருவில் பதிவானது. முன்னால் தாழ்ந்த ஸ்தாயியில் உறுமும் ஃப்ரிக்‌ஷன் டிரம், குயிக்காவைவிடக் கனமானது, சுருதி வழுக்கிச் செல்வது. அதனோடு குச்சியால் அடிக்கும் கூர்மையான தோல் மேளங்கள் பல. சிக்ஸ்-எய்ட் தாளம், நிமிடத்துக்கு 120 அடி, போகப் போக வேகம் கூடுகிறது. ஆண் குரல் ஒன்று உரக்கக் கூவ, கூட்டம் பதில் சொல்கிறது. சுர அடுக்கு (கார்டு) இசை இல்லை."

முதலில் எழுதியதோடு இதை ஒப்பிடுங்கள். பக்தி என்ற சொல்லே இதில் இல்லை. யார் எதை எப்படி ஒலிக்கிறார்கள், எந்த இடத்தில், எந்த வேகத்தில் என்பதே இருக்கிறது. தாளத்தை சிக்ஸ்-எய்ட் என்று குறித்ததற்கும் காரணம் உண்டு. காவடிச் சிந்தின் துள்ளல் திஸ்ர நடையில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிகிறது. தாளத்தைச் சொல்லாமல் விட்டால், இயந்திரம் தனக்கு மிகப் பழக்கமான நான்கு தட்டுக் கணக்குக்குப் போய்விடும்.

"இல்லை" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். விவரிப்பில் "கிடார் வேண்டாம்" என்று எழுதினால், கிடார் என்ற சொல்லே கணிப்பை அந்தப் பக்கம் இழுத்துவிடக்கூடும். சுனோவில் தவிர்க்கவேண்டியவற்றைக் குறிக்கத் தனிக் கட்டம் இருக்கிறது. வேண்டாதவற்றின் இடம் அதுதான். அந்தக் கட்டம் இல்லாத செயலியில், வேண்டியதை மட்டும் எழுதுவது நல்லது. மேலே உள்ள ப்ராம்ப்ட்டின் கடைசி வாக்கியத்தையும், தவிர்க்கும் கட்டம் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

மோகனமும் சீனக் கூத்தும்

ராகத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பசித்த ஆவிகளின் மாதத்தில் தெருவோர மேடைகளில் நடக்கும் சீனக் கூத்தின் இசையையும், கோயில் நாதஸ்வரத்தில் வரும் மோகனத்தையும் கேட்டே வளர்கிறோம். இரண்டிலும் ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரங்கள் வருவதைக் கேட்கலாம். மேற்கத்திய இசைக் கணக்கில் இது மேஜர் பென்டடானிக். ஆனால் எந்தக் காதும் ஒன்றை மற்றொன்றாகத் தவறாகக் கேட்காது.

வேறுபாடு சுரங்களுக்கு இடையில் இருக்கிறது. ஒரு சுரத்தை எங்கிருந்து தொடுகிறோம், எவ்வளவு அசைக்கிறோம், எதில் நிற்கிறோம் என்பதே மோகனத்தை மோகனமாக்குகிறது. எனவே பென்டடானிக் என்று மட்டும் எழுதினால் சீன மெட்டோ அமெரிக்க நாட்டுப்பாட்டோ வந்து நிற்கும். "ஒவ்வொரு சுரமும் வழுக்கியும் அசைந்தும் வருகிறது, பின்னணியில் இடைவிடாத ஆதார சுருதி, ஒற்றை மெல்லிசைக் கோடு" என்று சேர்த்தால் நிலைமை மேம்படும். ராகத்தின் பெயரையும் எழுதலாம், கெடுதல் இல்லை. ஆனால் பெயர் மட்டும் பாரம் தாங்காது.

பாடல் வரிகளை விவரிப்போடு கலக்காமல் அதற்குரிய தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். பல்லவி, சரணம் எங்கே தொடங்குகின்றன என்பதைச் சதுர அடைப்புக்குள் கோரஸ், வெர்ஸ் என்று குறித்தால் சுனோ போன்ற செயலிகள் புரிந்துகொள்ளும். இணை வரிகளில் அசை எண்ணிக்கை ஒத்திருக்கட்டும். ஒரு வரி நீண்டு மற்றது குறுகினால், குறிலை இழுத்தும் நெடிலைக் குறுக்கியும் இயந்திரம் பாடித் தீர்க்கும். திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாது.

மனிதர்களின் பெயர்

பினாங்கில் இந்தச் செயலிகளைத் தொடுகிறவருக்கு பி. ரம்லியின் நினைவு வராமல் இராது. 1929இல் இந்த ஊரில் பிறந்து, மலாய்த் திரையிசையின் முகமாகவே ஆகி, 1973இல் மறைந்தவர். அவர் பெயரை எழுதி "அவர் பாணியில்" என்று கேட்கத் தோன்றும். சுனோ, யூடியோ போன்ற செயலிகள் பாடகர் பெயர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. அது சரியான தடை என்றே நினைக்கிறேன். அவர் காலத்து ஒலியை விரும்பினால் அதை விவரிக்கலாம்: 1950களின் மோனோ பதிவு, ஜோகெட் தாளம், வயலின், அக்கார்டியன், மென்மையான ஆண் குரல். ஒரு காலத்தின் ஒலி யாருக்கும் சொந்தமில்லை. ஒருவரின் குரல் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது.

ஏ.ஆர். ரகுமான் 2024இல் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில், அனுமதியில்லாமல் தங்கள் பாடல்களைக் கொண்டு பயிற்சி கொடுத்ததாக யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகியவற்றின் இசை நிறுவனங்கள் சுனோ, யூடியோ இரண்டின் மேலும் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்தன. 2025இன் இறுதியில் அவற்றில் சில சமரசத்தில் முடிந்தன. பெரிய நிறுவனங்களுக்கு வழக்குப் போட வழி இருக்கிறது. உறுமிக் குழுக்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர்களின் இசையை யார் பதிவு செய்தாலும் அனுமதியும் கூலியும் முதலில் வர வேண்டும்.

பத்து விநாடி, நான்கு வாக்கியம்

எவ்வளவு நன்றாக எழுதினாலும் ப்ராம்ப்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இயந்திரம் கேட்டேயிராத ஒலியை வார்த்தையால் மட்டும் வரவழைக்க முடியாது. அந்த எல்லையைத் தள்ளிவைக்கப் புதிய பதிவுகளும் விவரிப்புகளும் வேண்டும். பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், இந்துஸ்தானி, கர்நாடகம், துருக்கிய மகாம், அரபு-அந்தலூசியம், பெய்ஜிங் ஓப்பரா ஆகிய ஐந்து மரபுகளின் பதிவுகளை விவரங்களோடு தொகுத்தது. அபுதாபி ஆய்வாளர்கள் பின்னர் ஏற்கெனவே உள்ள மாதிரிகளுக்கு இந்துஸ்தானியிலும் மகாமிலும் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்க முடிந்தது. அதற்கு அந்த இசைகளின் பதிவுகள் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருந்ததே காரணம்.

அந்த ஐந்தில் பினாங்கு உறுமி இல்லை. அதைச் சேர்க்க பார்சிலோனாவுக்குப் போக வேண்டியதில்லை. உறுமிக் குழு ஒன்றின் சம்மதத்தோடு, பேச்சும் இரைச்சலும் கலக்காமல் ஒரு மாலை நல்ல பதிவு எடுக்கலாம். அதைப் பத்து விநாடித் துணுக்குகளாக வெட்டி நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் கொடுக்கலாம். எந்த வாத்தியம், எப்படி ஒலிக்கிறது, எந்த நடை, எந்த இடத்தில் மாறுகிறது என்று ஆளுக்கு நான்கு வாக்கியம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லலாம். வாசித்தவரின் பெயரும் அனுமதியும் ஒவ்வொரு துணுக்கோடும் இருக்கட்டும். அந்தத் தொகுப்பை இயந்திரத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு அந்தக் கலைஞர்களே முடிவு செய்யட்டும். எப்படி முடிவானாலும், உறுமியைக் காதால் பிரித்துக் கேட்கவும் சொல்லால் விவரிக்கவும் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் உருவாகியிருப்பார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே இதைத் தொடங்கலாம். அதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு வகுப்பறையும் போதும்.