காவல் பணியில் குடிமக்கள் துணை: தாம்பரம் புறநகரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காவல்துறைக்குத் துணைநிற்கும் குடிமக்கள் அமைப்புகளுள் ஊர்க்காவல் படை, காவல் நண்பர்கள் இயக்கம் ஆகிய இரண்டும் தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்கவை. முன்னது சட்டத்தால் அமைந்தது. பின்னது நிர்வாக ஆணையால் வளர்ந்து, 2020இல் தடைசெய்யப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, தன்னார்வலரின் பணி எல்லை எழுத்தில் வரையறுக்கப்படுவதன் தேவையைத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகப் பகுதியின் சூழலில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தன்னார்வலர், ஊர்க்காவல் படை, காவல் நண்பர்கள், தாம்பரம், பொறுப்புடைமை.

முன்னுரை

ஊரைக் காப்பதில் ஊரார் பங்கேற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் பயிலும் ‘பாடிகாவல்’ என்னும் வரி, காவலுக்கென ஊரார் அளித்த பங்கைக் காட்டும். ஊர்தோறும் இருந்த தலையாரியின் பணியும் இவ்வழிப்பட்டதே. காவல் அரசின் தனித்துறையான பின்னர், குடிமக்கள் அதில் எந்த அளவிற்குப் பங்கேற்கலாம் என்பது சட்டம் விடையளிக்க வேண்டிய வினாவாயிற்று.

இன்றைய சட்டம் இவ்வுரிமையைக் குறுகிய அளவிலேயே வழங்குகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதும் பிணையில் விட இயலாததுமான குற்றத்தைத் தம் முன்னிலையில் புரிபவரை எவரும் பிடிக்கலாம். ஆயினும் ஆறு மணி நேரத்திற்குள் அவரைக் காவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். விசாரிக்கும் அதிகாரம் குடிமக்களுக்கு இதனால் கிடைப்பதில்லை.

ஊர்க்காவல் படை: சட்டவழி அமைந்த துணை

1946இல் பம்பாயில் தொடங்கிய ஊர்க்காவல் படை, 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் மாநிலங்கள்தோறும் ஒரே தன்மையுடைய தன்னார்வப் படையாக உருப்பெற்றது. தமிழ்நாட்டில் 1963ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. இப்படையினர்க்குப் பயிற்சியும் சீருடையும் உண்டு. பணிக்கு அழைக்கப்படும் காலத்தில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தவறு நேரின் நடவடிக்கை எடுக்கவும் வழியுண்டு.

தன்னார்வம் என்னும் சொல் ஊதியமின்மைக்கு நியாயமாகிவிடும் இடர்ப்பாடு இங்குமுண்டு. இமாச்சலப் பிரதேச ஊர்க்காவல் படையினர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் அளித்த தீர்ப்பு, அவர்கள் நிரந்தரப் பணியாளர் அல்லர் என்றது. எனினும், 30 நாள் பணிக்கான படித்தொகை காவலர் ஒருவரின் குறைந்தபட்ச மாத ஊதியத்திற்கு ஈடாகும் விகிதத்தில் நாட்படி அமைய வேண்டும் எனவும் நெறிப்படுத்தியது.

காவல் நண்பர்கள் இயக்கம்: எழுச்சியும் தடையும்

1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், காவலருக்கும் மக்களுக்கும் இடையிலான அச்சத்தைக் குறைக்கும் நோக்கில் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்னும் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இரவு ரோந்து, போக்குவரத்து ஒழுங்கு, திருவிழாக் கூட்ட மேலாண்மை, தகவல் அளித்தல் ஆகியவற்றில் உறுப்பினர் உதவினர். ஊர்க்காவல் படைக்கு உள்ளதுபோன்ற தனிச்சட்டம் இவ்வியக்கத்திற்கு இல்லை. கொரோனா ஊரடங்கின்போது தன்னார்வலரின் பயன்பாடு மிகுந்தது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்குதலுக்குள்ளான தந்தையும் மகனும் உயிரிழந்தனர். அந்நிகழ்வில் தன்னார்வலர்க்கும் தொடர்புண்டு எனக் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தின் தரப்பில் அது மறுக்கப்பட்டது. 2020 ஜூலையில் அரசு இயக்கத்திற்குத் தடை விதித்தது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது காவல்துறையினர் மீதே.

இங்குத் தோன்றும் சிக்கல் ஒரு நிகழ்வோடு முடிவதன்று. டி.கே. பாசு வழக்கின் நெறிமுறைகளின்படி, கைது செய்யும் காவலர் பெயரும் பதவியும் தெரியும் அடையாளத்தை அணிதல் வேண்டும். விசாரணை செய்யும் காவலர் விவரம் பதிவேட்டில் இடம்பெறுதல் வேண்டும். இப்பதிவேடு காவலர்க்கு உரியது. நிலையத்திற்குள் பணிபுரியும் தன்னார்வலரின் பெயர் அதில் ஏற இடமில்லை. எனவே, அவர் அங்கு இருந்தார் என்று மெய்ப்பிப்பதும், இல்லை என்று மெய்ப்பிப்பதும் ஒருசேரக் கடினமாகின்றன. பாதிக்கப்பட்டவரும் பழிசுமக்கும் தன்னார்வலரும் இவ்விடைவெளியில் சிக்குகின்றனர்.

சத்தீஸ்கரின் சல்வா ஜுடும் தொடர்பான நந்தினி சுந்தர் வழக்கும் (2011) இத்தொடர்பில் கருதத்தக்கது. போதிய கல்வியும் பயிற்சியும் அற்ற பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலராக்கி, மாவோயிஸ்டு எதிர்ப்பு நடவடிக்கையில் ஈடுபடுத்தியது அரசமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. சூழல் வேறாயினும், குறைந்த செலவில் ஆள்பலம் தேடும் அரசு தன் பொறுப்பைக் குடிமக்கள்மேல் ஏற்றலாகாது என்னும் கருத்து பொதுவானது.

தாம்பரம் புறநகர்ச் சூழல்

சென்னையின் தென்புறநகரில் காவல் எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. 2008இல் அமைந்த சென்னைப் புறநகர்க் காவல் ஆணையரகம் 2011இல் சென்னையோடு இணைந்தது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனி ஆணையரகமாகச் செயற்படுகிறது. கூடுவாஞ்சேரி, மணிமங்கலம் போன்ற, முன்பு மாவட்டக் காவலின்கீழ் இருந்த பகுதிகளும் இதில் சேர்ந்தன. எல்லை மாறும்போது நிலையமும் அலுவலரும் மாறுவர். தெருவை அறிந்தவர் அங்கு வாழ்வோரே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் சூழப்பட்டபோது, எந்தத் தெரு தாழ்வானது, எவ்வீட்டில் முதியோர் உள்ளனர் என்னும் உள்ளூர் அறிவே மீட்புக்கு முதல் தேவையாயிற்று. பண்டிகைக் காலங்களில் ஜி.எஸ்.டி. சாலையிலும், 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் திரளும் கூட்டத்திற்கும் கூடுதல் ஆட்கள் தேவைப்படுகின்றனர்.

இப்பணிகள் அனைத்தும் பொதுவெளியில், பலர் காண நிகழ்பவை. கைது, சோதனை, விசாரணை ஆகியன மற்றொருவரின் உடலையும் உரிமையையும் தொடுபவை. தன்னார்வலரின் எல்லைக்கோட்டை இவ்விரு வகைகளுக்கும் இடையே வரைவதே பொருத்தமாகும்.

முடிவுரை

சிங்கப்பூரில் 1946இல் தோன்றிய தன்னார்வச் சிறப்புக் காவல் படையினர்க்கு முழுநேரக் காவலர்க்குரிய அதிகாரம் உண்டு. அதற்கேற்ற பயிற்சியும் பொறுப்பும் உண்டு. அதிகாரம் வழங்கினால் பொறுப்பையும் சட்டத்தால் வழங்குதல் வேண்டும். இல்லையேல் அதிகாரம் தேவைப்படாத பணியோடு துணையை நிறுத்துதல் வேண்டும். இடைநிலை அமைப்பு இரு தரப்பினர்க்கும் தீங்காகும் என்பதே 2020 உணர்த்தும் பாடம். தாம்பரம் போன்ற வளரும் புறநகரில் குடிமக்கள் துணையை மீண்டும் நாடும் எம்முயற்சியும், பணிப்பட்டியல், வருகைப் பதிவு, அடையாள அட்டை, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை முதலில் எழுத்தில் உறுதிசெய்தல் இன்றியமையாதது.