சனா இலை: மருந்தும் அளவும்

நாட்டு மருந்துக் கடைகளில் நிலாவாரை என்றும், நிலவாகை என்றும் வழங்கப்படும் இலையை அரபு மொழியில் 'சனா' என்பர். 'சென்னா' என்னும் வணிகப் பெயர் இதன் திரிபேயாகும். நபித்தோழியர் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் கடுமையான பேதி மருந்தொன்றை விடுத்துச் சனாவைப் பயன்படுத்தியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைச் சிறப்பித்துக் கூறிய செய்தி திர்மிதீ நூலில் இடம்பெற்றுள்ளது.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்குறுஞ்செடி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளரும். மஞ்சள் நிறப் பூக்களும் தட்டையான காய்களும் கொண்டது. அரபு நாடும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும் இதன் தாயகமாகும். எனினும், தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே சென்ற 'திருநெல்வேலி சென்னா' 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாடுகளில் புகழ்பெற்றது.

பயிரிடும் முறை

தண்ணீர் தேங்காத செம்மண்ணும் கரிசல் மண்ணும் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மானாவாரியாக விதைக்கலாம். விதையின் தோல் கடினமானதால், முதல்நாள் இரவே நீரில் ஊறவைத்தல் நலம். வேரில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடும். விதைத்த இரண்டு மூன்று மாதங்களில் முதல் அறுவடை செய்யலாம். பறித்த இலையை மெல்லியதாகப் பரப்பி, நிழலில் கிளறி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு குவித்தால் இலை கறுத்து விலை குறையும்.

பெயர்க் குழப்பம்

தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் சனாவையே 'அவுரி' என்கின்றனர். ஆனால் நீலச் சாயம் தரும் நீலிச் செடிக்கும் அவுரி என்றே பெயர். மருதாணியுடன் சேர்த்துத் தலைமுடிக்குப் பூசப்படுவது அந்த நீலி அவுரியாகும். இரண்டும் அவரைக் குடும்பத்தவையே எனினும் வெவ்வேறு செடிகள். ஆகவே 'அவுரி' என்று மட்டும் கேட்டு வாங்காமல், எதற்காக வேண்டும் என்பதையும் கடைக்காரரிடம் கூறுதல் அவசியம்.

அளவறிந்து உண்க

சனாவிலுள்ள 'சென்னோசைடு' என்னும் பொருள் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றமடைந்து, குடலைத் தூண்டுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பயன் தெரியும். எனவேதான் இரவில் உட்கொள்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது உள்ளது.

உடல் மெலிவதற்காக இதனை நாள்தோறும் தேநீர்போல் அருந்துவோர் உளர். இது தவறு. சனா கொழுப்பைக் கரைப்பதில்லை. நீரையும் உப்புகளையுமே வெளியேற்றுகிறது. நெடுநாள் தொடர்ந்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து, இதயத் துடிப்பே பாதிக்கப்படக்கூடும். மருத்துவர் கூறாமல் ஒரு வாரத்திற்கு மேல் உட்கொள்ளலாகாது. காரணம் தெரியாத வயிற்றுவலியின்போது அறவே தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுகுழந்தைகளுக்கும் மருத்துவரின் ஆலோசனையின்றிக் கொடுக்கலாகாது.

நபிமருத்துவம் என்பதால் அளவின்றி உண்ணலாம் என்று எண்ணுவது முறையன்று. வீண்விரயம் கூடாது என்னும் மார்க்க நெறி மருந்துக்கும் பொருந்தும். தேவையான நாளில், தேவையான அளவில் உட்கொண்டால் சனா நல்ல மருந்தே.